நேரலையில் கேள்விக்கு இடம்

ஓரிடத்தில் நிகழும் காட்சியை, அது நிகழும்பொழுதே வேறோரிடத்தில் உள்ளவர் தம் கைத்தொலைபேசியில் காண்பது இன்று சிறுவர்களுக்கும் பழகிப்போன செயல். பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி, ஆசிரியர் கூட்டம், மருத்துவ ஆலோசனை ஆகியவற்றையும் இவ்வழியில் நடத்த இலாகாக்கள் விரும்புகின்றன. சில இலாகாக்கள் தமக்கெனத் தனிச் செயலி ஒன்றைச் செய்வித்துக்கொள்ளவும் முற்படுகின்றன. அத்தகைய செயலியின் அமைப்பைத் தீர்மானிக்கும்பொழுது முதலில் எழும் வினா பெரும்பாலும் படத்தின் தெளிவைப் பற்றியதாகவே இருக்கிறது. முதலில் எழ வேண்டிய வினாவோ வேறு. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஓர் ஐயம் தோன்றினால் அது எவ்வழியாகப் போதகரைச் சென்று அடையும்? விடை எத்தனை விநாடிகளில் திரும்பி வரும்? இவ்விரண்டுக்கும் பதில் இல்லாத நிகழ்ச்சியை நேரலையாக அனுப்புவதற்குத் தக்க காரணம் காண்பது அரிது. முன்னரே பதிவு செய்து அனுப்பினால் அதே பயன், அதனினும் குறைந்த செலவில் கிட்டும்.

இந்தியாவுக்கு இது புதிய பிரச்னையன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணைகொண்டு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. ‘சைட்’ என்று அழைக்கப்பட்ட அச்சோதனையில், கோழிக்கூண்டுக்கு உபயோகிக்கும் கம்பிவலையால் செய்யப்பட்ட பத்தடி விட்டமுள்ள ஆன்டெனாக்கள் கிராமத்துக் கட்டடங்களில் நிறுவப்பட்டன. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கும், மாலையில் பெரியோர்க்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 50,000 பேருக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையில் பயிற்சியும் அளிக்கப்பட்டது. உலகம் வியந்த சாதனை அது. ஆயினும் கிராமத்தார் பேசினால் நிலையத்துக்குக் கேட்காது. அதற்கான வழி அச்சாதனத்தில் இல்லை.

அக்குறையை நீக்கும் முயற்சி 1996-இல் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் நடைபெற்றது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அங்கே 150 கிராமங்களில் நிகழ்ச்சிகளைப் பெறும் கருவிகளை நிறுவியதோடு, வட்டாரத் தலைமையிடங்கள் பன்னிரண்டில் திரும்பிப் பேசும் முனையங்களையும் வைத்தது. வெளிக்கள ஊழியர் கேட்ட கேள்வி செயற்கைக்கோள் வழியாக நிலையத்தை அடைந்தது. படம் கீழ்நோக்கி மட்டுமே வந்தது. மேல்நோக்கிச் சென்றது குரல். கேள்வி கேட்பதற்குக் குரல் போதும் என்பதை அன்றைய அமைப்பாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். இன்றைய செயலி அமைப்பாளர்கள் அதை மீண்டும் கற்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள்.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடலாம். ஜாபுவாவிலிருந்து புறப்பட்ட குரல் பூமிக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் ஏறி, மீண்டும் அத்தொலைவு இறங்கியது. ஒளியின் வேகத்தில் அப்பயணத்துக்குக் கால் விநாடிதான் ஆகிறது. இன்று தரையிலேயே பதிந்த கம்பிவடங்களின் வழியாகப் பக்கத்து மாவட்டத்திலிருந்து வரும் ‘நேரலை’ நம் கையிலுள்ள திரையை அடைய இருபது அல்லது முப்பது விநாடிகள் செல்வதுண்டு. தொலைவு இதற்குக் காரணமன்று. காட்சியைக் கட்டிக் கொடுக்கும் முறையே காரணம்.

அம்முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் வெளியிட்டதும், இன்று பெரும்பாலான செயலிகள் ஏதேனும் ஒரு வடிவில் பின்பற்றுவதுமான ஏற்பாட்டில், ஓடிக்கொண்டிருக்கும் காட்சி சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஆறு விநாடி என்பது வழக்கமான அளவு. ஒவ்வொரு துண்டும் ஒரு தனிக் கோப்பு. அஞ்சல் பை நிறையும்வரை காத்திருந்து வண்டியில் ஏற்றுவது போல, துண்டு முழுமையடைந்த பின்னரே அது புறப்படும். தொலைபேசி அத்தகைய துண்டுகள் இரண்டு மூன்றைக் கையிருப்பாகச் சேர்த்துக்கொண்ட பின்னரே காட்டத் தொடங்கும். வழியில் சிக்னல் குன்றினால் அக்கையிருப்பைக்கொண்டு சமாளிக்கும். துண்டுகள் சாதாரணக் கோப்புகளாதலால் அவற்றை நகரந்தோறும் நகலெடுத்து வைக்கலாம். இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய காட்சியை யூடியூபில் ஒரே சமயத்தில் 80 இலட்சம் பேர் கண்டனர். அவ்வாண்டு நவம்பர் 19-இல் ஆமதாபாதில் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டார் செயலியில் ஒரே வேளையில் 5.9 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். இத்தகைய கூட்டத்தைத் தாங்கியது இம்முறைதான். அரை நிமிஷத் தாமதத்தால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் ஆரவாரம் முன்னதாகக் கேட்டுவிடும் எரிச்சலைத் தவிர.

வகுப்பறையில் நிலைமை வேறு. மாவட்டப் பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவர் பின்னங்களைக் கற்பிக்கும் முறையை விளக்குகிறார் என்று கொள்வோம். மூன்றில் ஒரு பங்கைத் தாளை மடித்துக் காட்டும்பொழுது தொலைவிலுள்ள ஆசிரியை ஒருவருக்கு ஐயம் எழுகிறது. அவர் அம்மடிப்பைக் காண்பதே அரை நிமிஷம் கழித்து. கேள்வியை எழுதி அனுப்ப இன்னோர் அரை நிமிஷம். போதகர் அதைப் படிக்கும்பொழுது தசமத்துக்குச் சென்றுவிட்டிருப்பார். பதில் சொன்னாலும் அது திரும்பி வர மறுபடியும் அரை நிமிஷம். இரண்டு முறை இவ்வாறு நேர்ந்த பின் அந்த ஆசிரியை கேள்வி கேட்பதையே விட்டுவிடுவார். நிகழ்ச்சியின் முடிவில் ‘ஐயம் எதுவும் எழவில்லை’ என்று அறிக்கையில் பதிவாகும். கேட்பவர்களின் அக்கறையின்மை என்று இதற்குப் பெயரிடுவது அநியாயம். பிழை செயலியின் அமைப்பில் இருக்கிறது.

இதற்கு மாற்று உண்டு. இரு தொலைபேசிகள் ஒன்றையொன்று நேரே அழைத்துக்கொள்வது போல, காட்சியைத் துண்டாக்காமல் சிறு துணுக்குகளாக அவ்வப்பொழுதே அனுப்பும் முறை அது. 2011 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு, 2021-இல் உலக இணையக் கூட்டமைப்பின் தரமாக ஏற்கப்பட்ட ‘வெப்ஆர்டிசி’ இவ்வகையைச் சேர்ந்தது. இதில் தாமதம் அரை விநாடிக்கும் குறைவாக இருக்கக்கூடும். ஆனால் துண்டுகளை நகலெடுத்து வைக்கும் வசதி இதற்கு இல்லை. பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனித் தொடர்பை இடைவிடாது பேண வேண்டும். பதினாயிரம் பேருக்கு இதைச் செய்வது பெருஞ்செலவு. ஆகவே இவ்விரு முறைகளில் ஒன்றையே தேர்ந்தெடுக்கும் செயலி ஒரு பக்கம் ஊனமுற்றதாகவே இருக்கும். இரண்டையும் இணைப்பதே தக்கது. பெருந்திரளானோர் துண்டு முறையில் பார்க்கட்டும். கேள்வி கேட்க விரும்பிப் பொத்தானை அழுத்துபவரைச் செயலி தானே வேகமான வழிக்கு மாற்றிப் போதகரோடு இணைக்கட்டும். அவர் பேசி முடித்த பின் பழைய வழிக்குத் திரும்பட்டும். இது கற்பனையன்று. இசை நிகழ்ச்சி, விற்பனை முதலியவற்றுக்கான தனியார் செயலிகள் பார்வையாளரை மேடைக்கு அழைக்க இவ்விதமே செய்கின்றன. பாட்டுக்காரரோடு பேச இயலும் வசதி பாடம் கற்பிப்பவரோடு பேசவும் வேண்டாமா?

அடுத்தது குரலின் முதன்மை. படம் சற்று நின்று போனாலும் பாடம் தொடரும். குரல் அறுந்தால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். இதைக் கரும்பலகையின் முன் நின்றவர் எவரும் மறுக்கமாட்டார். கணக்கும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. மனிதக் குரலைத் தெளிவாகக் கேட்பதற்கு, 2012-இல் தரப்படுத்தப்பட்ட ‘ஓபஸ்’ போன்ற சுருக்கு முறையில், விநாடிக்கு 24 கிலோபிட் போதும். மணிக்கு 11 எம்.பி.யை எட்டாது. அதே ஒரு மணி நேரத்துக்குச் சாதாரணச் சிறு படம் விநாடிக்கு 300 கிலோபிட் வீதம் 135 எம்.பி. கொள்ளும். தெளிவான படமோ 2,500 கிலோபிட் வீதம் 1,100 எம்.பி.க்கு மேல் விழுங்கிவிடும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்று வரம்புள்ள திட்டத்தை வைத்திருக்கும் ஊழியருக்கு, ஒரு பயிற்சி வகுப்போடு அன்றைய டேட்டா ஏறக்குறையத் தீர்ந்துபோகும். அதைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கியவராகவும் அவர் இருக்கக்கூடும்.

சிக்னலுக்கு ஏற்பப் படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு எல்லாச் செயலிகளிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்த ஏணியின் கடைசிப் படி பல செயலிகளில் இன்னும் படமாகவே இருக்கிறது. அதற்கும் வழியில்லாதபொழுது சுழலும் வட்டம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. குரல் மட்டும் என்ற ஒரு படியை அதற்கும் கீழே அமைக்க வேண்டும். கரும்பலகையையும் சித்திர அட்டையையும் ஓடும் படமாக அனுப்பாமல், மாறும்பொழுது மட்டும் நிலைப்படமாக அனுப்ப வேண்டும். அத்தகைய படம் ஒன்றுக்கு 50 கே.பி. தாராளம். குரலும் நிலைப்படமும் சேர்ந்தால் பெரும்பாலான பாடங்களுக்கு அதுவே போதுமான கருவி.

வெளிக்கள ஊழியரின் நிலையில் பிரச்னை தலைகீழாகிறது. அவர் பார்ப்பவர் அல்லர், காட்டுபவர். வயலில் நின்றுகொண்டு, நோயுற்ற இலையை நிபுணருக்குக் காட்டி அப்பொழுதே யோசனை பெற விரும்புகிறார். ‘வேண்டும்போது நேரலை’ என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இங்கேதான் உண்டு. ஆனால் இரண்டு தடைகள் குறுக்கிடுகின்றன. கோபுரம் பத்துக்கணக்கான வாட் சக்தியோடு ஒலிபரப்புகிறது. தொலைபேசியோ ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கைக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஆகவே கோபுரத்துக்குத் தொலைவிலுள்ள வயல்களில் படம் பார்ப்பது எளிதாயிருக்க, படம் அனுப்புவது கடினமாகிறது. நகரத்து அலுவலகத்தில் சோதிக்கப்பட்ட செயலியில் இவ்வேற்றுமை தெரியாது.

இரண்டாவது தடை சற்று நுட்பமானது. வீடியோவைச் சுருக்கும் முறைகள் அனைத்தும் ஒரு தந்திரத்தை நம்பியிருக்கின்றன. முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் உள்ள வேற்றுமையை மட்டும் அனுப்பினால் போதும் என்பதே அது. சுவரின் முன் அமர்ந்து பேசுபவரிடம் உதடும் கண்ணும் மட்டுமே அசைகின்றன. அனுப்ப வேண்டியது சிறிது. காற்றில் அசையும் பயிரிலோ ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு கணமும் இடம் மாறுகிறது; அனுப்ப வேண்டியது மிகுதி. வழி குறுகியதாயின் செயலி நுண்ணிய விவரங்களைக் களைந்துவிட்டு, பச்சை நிறத்தை மொத்தமாகப் பூசி அனுப்பும். 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் முதன்முதல் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் மக்காச்சோளத்தைத் தாக்கிய படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். அதன் தலையில் ஆங்கில ஒய் எழுத்தைக் கவிழ்த்தது போன்ற வெளிறிய கோடும், வால் பக்கத்துக்கு முந்திய கண்டத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் அடையாளங்கள். மங்கிய வீடியோவில் முதலில் மறைவது அந்நான்கு புள்ளிகள்தாம். நிபுணர் காண வேண்டியதைக் களைந்துவிட்டு, காணத் தேவையற்ற வயற்பரப்பை வஞ்சனையின்றி அனுப்பும் சாதனத்தை என்னவென்று சொல்வது!

பரிகாரம் எளியது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்பொழுதே, வீடியோவைச் சற்று நிறுத்தி, காமிராவின் முழுத் தெளிவோடு ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பும் பொத்தான் திரையின் நடுவே பெரிதாக இருக்க வேண்டும். பத்து விநாடி தாமதித்து வந்தாலும் அப்படம் முழுமையாக வரும். நிபுணர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, அதன் மேலேயே விரலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பலாம். செயலி கிட்டும்வரை காத்திராமல் ஊழியரும் ஒன்று செய்யலாம்: இலையைக் கிள்ளி, குறிப்பேட்டின் வெள்ளைத் தாள்மீது வைத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு காட்டுவது. பின்னணி அசையாதபொழுது அதே சிக்னலில் படம் வெகுவாகத் தெளிவடைவதைக் கண்கூடாகக் காணலாம்.

இவையெல்லாம் செவ்வனே அமைந்த பின்னும், பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஒருவர் இருக்க வேண்டும். வேளாண்மை விஞ்ஞான நிலையங்கள் நாட்டில் 700-க்கு மேல் உள்ளன. ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 16. அவற்றுள் பல்துறை நிபுணர்களுக்கு உரியவை ஆறு. அந்த ஆறு பேரும் ஒரு மாவட்டம் முழுவதற்கும் உரியவர்கள். வயலாய்வு, பயிற்சி, அறிக்கை ஆகிய பணிகளுக்கு இடையே அவர்கள் எப்பொழுதும் திரையின் முன் அமர்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது. அழைப்பு ஒலித்து ஒலித்து ஓய்வதை விடச் செயலி கேள்வியைக் கேட்டு வாங்கிக்கொள்வது மேல். குரலில் ஒரு நிமிஷம், புகைப்படம் இரண்டு, பயிரின் பெயர், விதைத்த நாள், இடம். இவற்றைப் பெற்று, வரிசை எண்ணையும் நிபுணர் அழைக்கக்கூடிய நேரத்தையும் தெரிவிக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் இப்பதிவு தொலைபேசியிலேயே தங்கி, சாலைக்கு வந்ததும் தானே புறப்பட வேண்டும். மாலை நான்கு மணிக்கு நிபுணர் திரும்ப அழைக்கும்பொழுது, அவர் முன்னரே படத்தைப் பார்த்திருப்பார். பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடியும். ‘வேண்டும்போது’ என்பதற்கு ‘அந்த விநாடியே’ என்று பொருள் கொண்டவர்கள் இதைக் குறைபாடு என்பார்கள். பதில் வராத அழைப்புகளை எண்ணிப் பார்ப்பவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

கேள்விக்கு இடமில்லாத சொற்பொழிவுகளும், துவக்க விழாக்களும், ஒருமுறை சொன்னால் போதுமான சுற்றறிக்கை விளக்கங்களும் நேரலைக்கு உரியனவல்ல. அவற்றைப் பதிவு செய்து, பத்து நிமிஷத்துக்கு மேற்படாத பகுதிகளாகப் பிரித்து வைத்தால், வட்டார அலுவலகத்தின் வைஃபையில் இறக்கிக்கொண்டு பேருந்தில் செல்லும்பொழுது கேட்கலாம். நேரலை வகுப்பின் கேள்வி-பதில்களைத் தனித்தனியே நறுக்கி, கேள்வியையே தலைப்பாக்கிச் சேமித்து வைத்தால், அடுத்த பருவத்தில் அதே ஐயம் எழும் ஊழியர் நிபுணரை அழைக்க வேண்டியதில்லை. சொற்பொழிவைப் பேணுவதைக் காட்டிலும் இக்கேள்விகளைப் பேணுவது பயனுள்ளது.

மொழியைப் பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். சைட் சோதனையில் ஒரே படத்தோடு இரண்டு மொழிகளின் ஒலியை அனுப்பும் வசதி இருந்தது. இன்றைய துண்டு முறையில் எத்தனை ஒலித்தடங்களையும் சேர்க்கலாம். குரலுக்கு ஆகும் டேட்டா அற்பம். அப்படியிருந்தும் பயிற்சிகள் ஒரே மொழியில் நடப்பதற்குச் சாதனத்தின்மீது பழி சுமத்த இயலாது. பொத்தான்களின்மேல் பொறிக்கும் சொற்களிலும் கவனம் தேவை. ஒலியை அடக்கும் பொத்தானில் ‘ஊமையாக்கு’ என்று எழுதுவது அகராதியைப் புரட்டியவரின் வேலை. ‘மைக்கை அணை’ என்றால் எவருக்கும் விளங்கும். சுழலும் வட்டத்தின் கீழே ‘ஏற்றப்படுகிறது’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘சிக்னல் குறைவு, குரல் மட்டும் வரும்’ என்று நிலைமையைச் சொல்லிவிடலாம். உச்சி வெயிலில் திரை தெரிய வேண்டுமாதலால் வெளிர் நிற எழுத்துகளைத் தவிர்ப்பதும் இத்துடன் சேர்ந்த விஷயம்.

பள்ளி வகுப்புகளில் குழந்தைகளின் முகம் திரையில் தெரிவதைப் பற்றி ஆசிரியர்கள் விழிப்போடிருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கோருகிறது. வகுப்பில் சேரும்பொழுது காமிரா அணைந்த நிலையிலேயே செயலி திறப்பது தக்க ஏற்பாடு.

விலைமதிப்புள்ள தொலைபேசியும் தடையற்ற இணைப்பும் உள்ளவர்களே செயலியை அமைக்கிறார்கள், அவர்களே சோதிக்கிறார்கள். 2018-இல் வெளிவந்த ‘ஏவி1’ போன்ற புதிய சுருக்கு முறைகள் டேட்டாவைப் பெரிதும் மிச்சப்படுத்துகின்றன என்பது மெய்யே. ஆனால் அதற்குரிய சிப்பு இல்லாத பழைய தொலைபேசியில் அவ்வேலையைச் சாதாரணக் கணிப்பகுதி செய்ய நேர்ந்து, கருவி சூடேறி, பாட்டரி விரைவில் தீர்கிறது. 2003-இல் வந்த எச்.264 முறை ஏறக்குறைய எல்லாத் தொலைபேசிகளிலும் சிரமமின்றி ஓடுகிறது. புதியதைச் சேர்ப்பதில் தவறில்லை, பழையதை நீக்காதவரையில். டெண்டர் நிபந்தனைகளில் படத்தின் அளவையும் ஒரே சமயத்தில் பார்ப்போர் தொகையையும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. நான்கைந்து ஆண்டு பழகிய தொலைபேசியில், வட்டார அலுவலகத்துக்கு வெளியே ஒரு வயலில் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் குரல் எத்தனை விநாடியில் வந்தது என்ற அளவையும் அந்நிபந்தனைகளோடு சேர்த்து, ஏற்பு நாளன்று ஊழியர் ஒருவர் கையிலேயே தொலைபேசியைக் கொடுத்து அளந்து பார்க்கலாம்.